முதல் எண்ணெய்

இராமதாசோட பொறாமைக்கு விலாசமே இருந்துது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை, மூணாவது குறுக்கு ரோடு, இவன் லாரி ஷெட்டுக்கு நேர் எதிர்சாரி. தபால் போட்டாக்கூட சரியாப் போய்ச் சேரும்.

அந்த எதிர்சாரியில கடை போட்டிருந்தவன் வேத்தாள் இல்ல. இவன் பொண்டாட்டி சுமலதாவோட கூடப்பொறந்த தம்பி அருள்முருகன். ஊர்ல எவன் மேல வேணாலும் வயிறு எரியலாம், யாரும் கேக்க மாட்டாங்க. பொண்டாட்டி தம்பி மேல எரிஞ்சா மட்டும் அந்தப் பொகை நேரா அடுப்படிக்கு வந்துடும். "என் தம்பியப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா வருதா பாரு உன் வாயில"ன்னு கேட்டுக்கிட்டேதான் சுமலதா சோத்தப் போடுவா. இவன் கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லிப் பேச்ச மாத்துவான். கொழம்புல உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும்.

இராமதாஸ் இருவத்திரெண்டு வருஷமா லாரி மெக்கானிக். ரோட்டு முனையில வண்டி திரும்பறப்பவே சத்தத்த வெச்சு எந்த சிலிண்டரு மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுவான். இது சும்மா பேச்சில்ல, நெசம், பாத்தவங்க இருக்காங்க. அருள்முருகன் சென்னையில ஒரு சர்வீஸ் சென்டர்ல எட்டு வருஷம் வேலை பாத்துட்டு, ரெண்டு வருஷம் முன்ன ஊருக்குத் திரும்பி வந்தான். எதிர்ல பூட்டிக் கெடந்த எடம் ஒரு சொல்தாவோடது. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு, குடும்பத்தோட பிரான்சுலயே தங்கிட்டாரு. அந்த எடத்த வாடகைக்குப் புடிச்சு, கண்ணாடிக் கதவு போட்டு, செவுரு முழுக்க எண்ணெய் டப்பாவா அடுக்கி, வண்டியில ஒயரச் சொருகினா கோளாறு இன்னதுன்னு சொல்ற கம்ப்யூட்டர் ஒண்ணையும் கொண்டாந்து வெச்சான். இராமதாஸ் காத வெச்சுக் கேட்டு அரை மணியில சொல்றத அது அரை நிமிஷத்துல சொல்லிச்சு. எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

சரி, போட்டிக்காரன் போட்டிக்காரனா நடந்துக்கிட்டா மனுஷன் நாலு வார்த்தை திட்டியாவது ஆறிக்கலாம். இந்தப் பய அதுக்கும் வழி வெக்கல. தெனம் காலையில கடையத் தொறக்கறதுக்கு முன்ன ரோட்டத் தாண்டி வந்து, "மாமா, டீ சொல்லட்டுமா?"ன்னு நிப்பான். இவன் "குடிச்சிட்டேன்"ம்பான். குடிச்சிருக்கவே மாட்டான். அவன் திரும்பிப் போனதும் தனியா போய்க் குடிப்பான், அந்த டீயும் தொண்டையில எறங்காது. ஒருத்தி பிள்ளை பெத்தான்னு இன்னொருத்தி அம்மிக்கொழவிய எடுத்து வயித்துல குத்திக்கிட்டாளாம். அந்தக் கதைதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். அந்தப் பேட்டையில ஒரு வழக்கம் உண்டு. புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் குடுக்கற ஓசி சர்வீசெல்லாம் முடிஞ்சு, முதல் முதலா வெளியில எண்ணெய் மாத்தறப்போ யார் கையால ஊத்தறாங்களோ, அந்த வண்டி அவங்களுது. காயலான் கடைக்குப் போற வரைக்கும் வேற ஷெட்டுப் பக்கம் போகாது. அதுக்கு 'முதல் எண்ணெய்'னு பேரு. எந்த எண்ணெய்ங்கறதையும் ஊத்தறவன்தான் சொல்லணும். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம், முன்னால சூடம், சுத்துப்பட்டு ஷெட்டுக்காரங்க அத்தனை பேரும் வந்து நின்னு பாப்பாங்க. ஒருத்தனுக்குக் கைராசிக்காரன்னு பேரு வர்றதும் அங்கதான், போறதும் அங்கதான்.

இப்ப ரோஷன் பீவியோட புது வண்டிக்கு முதல் எண்ணெய்.

தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகத்துல ரோஷன் பீவியத் தெரியாதவங்க கெடையாது. அவங்க வீட்டுக்காரர் அக்பர் அலி பாய் மூணு மீன் வண்டிய விட்டுட்டு மவுத்தானாரு. சொந்தக்காரங்கள்லாம் வித்துடு வித்துடுன்னாங்க. அந்தம்மா விக்கல, நாலாவதா ஒண்ணு வாங்கினாங்க. அதுவும் சாதாரண வண்டியா? இருநூத்தம்பது குதிரை சக்தி, ஆறு சிலிண்டரு, பொகையே கண்ணுக்குத் தெரியாத புது மாடல் எஞ்சின், பின்னால ஐஸ் பொட்டி. சாயங்காலம் இங்க வஞ்சிரத்த ஏத்தினா விடியறதுக்குள்ள கேரளா மார்க்கெட்டுல எறக்கியாகணும். அரை மணி தாமதமானா வெலை போயிடும், ரெண்டு மணி தாமதமானா மீனே போயிடும். லாரி ஜாதியில மீன் வண்டிதான் குதிரை, மத்ததெல்லாம் மாடு.

பழைய மூணு வண்டியும் பாய் காலத்துலேர்ந்து இராமதாஸ் கையிலதான். அதனால நாலாவதும் தனக்குத்தான்னு இவன் நெனச்சிருந்தான். நெனப்புல என்ன தப்பு? சனிக்கிழமை ரோஷன் பீவி ஆட்டோவுல வந்து எறங்கினாங்க.

"ராமதாசு, புதன்கிழமை முதல் எண்ணெய் வெச்சிக்கலாம். பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு உங்க ஆளுங்க சொல்வாங்களே. எந்த எண்ணெய்னு யோசிச்சு வை. இது பழைய வண்டி மாதிரி இல்ல, எண்ணெய் வேறன்னு டிரைவர் ராஜாங்கம் சொல்றான். அருளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான். இராமதாசுக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

"அவன எதுக்குக்கா கேக்கணும்?"

"கேட்டா என்ன, வாயா தேஞ்சிடும்? பாய் இருந்தா அவரும் நாலு பேரக் கேட்டிருப்பாரு. யாரு சொல்றது சரியா இருக்கோ அவங்க ஊத்தட்டும்."

அவங்க போயிட்டாங்க. இவன் ஸ்பேனரக் கையில வெச்சுக்கிட்டு எதிர்சாரியவே பாத்துக்கிட்டு நின்னான். புது வண்டி ஒண்ணு போனா ஒண்ணோட போகாது. மத்த மூணும் அதோட வாலப் புடிச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டிடும். இருவத்திரெண்டு வருஷம் இந்தக் கை புடிச்ச ஸ்பேனருக்கு, நேத்து வந்தவன் முன்னால என்ன மரியாதைன்னு பேட்டை முழுக்கப் பேசுவாங்க. போயும் போயும் மச்சான்கிட்ட.

சும்மா சொல்லக் கூடாது, இராமதாஸ் அதுக்கப்பறம் மூணு நாள் ஒழைச்சான். வண்டியோட புஸ்தகத்த ராஜாங்கம்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்தான். அது முழுக்க இங்கிலீஷ். இவன் பொண்ணு கவிநிலா காலாப்பட்டு காலேஜ்ல படிக்கறவ, அவள ஒக்கார வெச்சு எண்ணெய் சமாச்சாரம் இருக்கற பக்கத்தையெல்லாம் படிக்கச் சொன்னான். "அப்பா பரீட்சைக்குப் படிக்கறாருடோய்"ன்னு அவ சிரிச்சா. இவன் சிரிக்கல. புரியாத எடத்த ரெண்டு தரம், மூணு தரம் படிக்கச் சொன்னான். அப்பறம் தெரிஞ்ச ரெண்டு பெரிய மெக்கானிக்குங்களுக்குப் போன் போட்டு, படிச்சத சரி பாத்துக்கிட்டான்.

விஷயம் இதுதான். இந்தப் புது எஞ்சின்ல பொகை போற குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கு. டீசல் கரி அதுல சேந்தா, வண்டி தானே சூடு பண்ணி அத எரிச்சுடும். ஆனா எண்ணெய்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அப்படியே படிஞ்சு அடைச்சுக்கும். அடைச்சா எஞ்சின் தன்னத்தானே கட்டிப் போட்டுக்கும். எவ்ளோ மிதிச்சாலும் மாட்டு வண்டி வேகம்தான். அதனால சாம்பல் கம்மியான, எளகின பத்து-முப்பது எண்ணெய்தான் இதுக்கு ஊத்தணும். பழைய வண்டிங்களுக்கு ஊத்தற கெட்டியான இருவது-அம்பது எண்ணெய் இதுக்கு விஷம்.

பத்து-முப்பது எண்ணெய் பச்சை வாளியில வரும். தவளக்குப்பத்துல தெரிஞ்ச கடையில கேட்டான், ஆர்டர் போட்டா வாரம் ஆகும்னாங்க. தட்டாஞ்சாவடியில அத வெச்சிருந்தது ஒரே கடை. எந்தக் கடைன்னு நான் சொல்லணுமா? இராமதாஸ் பல்லக் கடிச்சுக்கிட்டு அதையும் முழுங்கினான். எண்ணெய் அவன் அலமாரியிலேர்ந்து வந்தா வரட்டும், ஊத்தற கை என்னுது, சொல்ற வாயும் என்னுதுன்னு மனசத் தேத்திக்கிட்டான். செவ்வாய்க்கெழமை காலையில சட்டைய மாத்திக்கிட்டு, சொல்லப் போறத ரெண்டு தரம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் ஷெட்டுக்கு வந்தான்.

பதினோரு மணி இருக்கும். இவன் ஒரு டிப்பருக்கு அடியில மல்லாக்கப் படுத்து வேலை பாத்துக்கிட்டு இருந்தான். எதிர்ல ஆட்டோ வந்து நின்னுது. ரோஷன் பீவி எறங்கி, மொதல்ல அந்தப் பக்கம் போனாங்க.

டிப்பர் டயருக்கு நடுவுல எதிர்சாரி கண்ணாடிக் கதவும், ஓரமா நின்ன ஒரு காலேஜ் பஸ்ஸும் நல்லாத் தெரிஞ்சுது. அருள்முருகன் நின்னுக்கிட்டு இருந்தான். அவன் கையி பச்சை வாளி மூடி மேல. அந்தம்மா என்னமோ கேட்டாங்க. அவன் என்னமோ சொன்னான். அப்பறம் வாளி மேலேர்ந்த கைய எடுத்து, நேரா இராமதாஸ் ஷெட்டக் காட்டி, சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னான். அந்தம்மாவும் சிரிச்சாங்க.

அவ்ளோதான். இராமதாசுக்கு அடிவயித்துல பத்திக்கிச்சு. சொல்லிட்டான்! நான் மூணு நாள் கண்ணு முழிச்சுத் தேடினத அந்தப் பய நின்ன எடத்துலயே சொல்லிட்டான்! போதாததுக்கு என் ஷெட்டக் காட்டிச் சிரிப்பு வேற. 'அந்த ஆளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது, அவரு இன்னும் பழைய காலத்துலயே இருக்காரு'ன்னுதானே சொல்லியிருப்பான்? வேற என்னத்துக்குச் சிரிக்கறாங்க?

ரோஷன் பீவி ரோட்டத் தாண்டி வந்தாங்க. இவன் டிப்பருக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து கையத் தொடச்சுக்கிட்டான்.

"என்ன ராமதாசு, யோசிச்சியா? இப்பத்தான் அருள்கிட்ட கேட்டேன், அவன் என்ன சொல்றான்னா..."

"அவன் சொன்னது எனக்கு வேணாம்க்கா. நான் சொல்றதக் கேளுங்க."

வெடுக்குன்னு வந்துடுச்சு. அந்தம்மா வாய மூடிக்கிட்டாங்க. இப்ப இவன்தான் சொல்லணும். நாக்கு நுனியில பச்சை வாளி நிக்குது. ஆனா சொன்னா என்ன ஆகும்? மச்சான் சொன்னதையே மாமனும் ஒப்பிச்சான்னு ஆகும். டயர் சந்துல பாத்துக் காப்பி அடிச்சான்னு ஆகும். எண்ணெயும் அவன் கடையிது, யோசனையும் அவனுது, அப்ப ஊத்தற கைக்கு மட்டும் இவன் எதுக்கு? தனக்கு மூக்கு போனாலும் போவட்டும், எதிராளிக்குச் சகுனம் கெடணும்னு சொல்வாங்களே, அப்படி ஒரு நிமிஷம் மனுஷனுக்கு வரும். வராதவங்க யாராவது இருந்தா கைய தூக்குங்க.

"இருவது-அம்பதுதான்க்கா"ன்னான் இராமதாஸ். "செவப்பு வாளி. மீன் வண்டி நிக்காம ஓடற வண்டி. கேரளா எல்லையில வாளையார் தாண்டி மேடு ஏறி, சூடாயி, தறிகெட்டு ஓடும். தண்ணி மாதிரி எளகின எண்ணெயெல்லாம் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. கெட்டி எண்ணெய்தான் இரும்பப் புடிச்சுக்கிட்டு நிக்கும்."

சொல்றப்ப அவனுக்கே அது நெசம் மாதிரி இருந்துது. இருவது வருஷம் நெசமா இருந்த பேச்சுதானே.

"ராஜாங்கம் வேற என்னமோ சொன்னானே?"

"ராஜாங்கம் ஸ்டீரிங்கப் புடிக்கட்டும்க்கா. எஞ்சின் என் வேலை."

அந்தம்மா அவன ஒரு பார்வை பாத்தாங்க. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சான். "சரி, நீ சொன்னா சரிதான். நாளைக்கு நீயே ஊத்து"ன்னுட்டுப் போயிட்டாங்க.

ஜெயிச்சுட்டான். அந்தம்மா வாதாடியிருந்தா, ஒரு கேள்வி எடக்கு மடக்காக் கேட்டிருந்தா, இவன் பச்சை வாளின்னு மாத்திச் சொல்லியிருப்பான். கேக்கலையே. நம்பிட்டுப் போயிட்டாங்களே. அன்னிக்குப் பூரா நெஞ்சுக்குள்ள ஏதோ ஒண்ணு போல்ட்டு மாதிரி உருண்டுக்கிட்டே இருந்துது. நாளைக்கு ஊத்தறதுக்கு முன்ன மாத்திடலாம், நாளைக்கு மாத்திடலாம்னு சொல்லிச் சொல்லித் தூங்கினான்.

புதன்கிழமை காலையில வண்டி வந்து நின்னுது. கழுவி, மாலை போட்டு, பாக்கவே கண்ணு பட்டுடும் போல இருந்துது. எட்டுப் பத்து ஷெட்டுலேர்ந்து ஆளுங்க வந்துட்டாங்க. இராமதாஸ் பழைய எண்ணெய எறக்கி, பில்டர மாத்தினான். டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சான், சூடம் கொளுத்தினான். ரோஷன் பீவி முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு மெதுவா பிஸ்மில்லா சொன்னாங்க. அத்தனை பேரும் இவன் கையவே பாக்கறாங்க. இப்பப் போய் "இருங்க, எண்ணெய் தப்பு"ன்னு எந்த வாயால சொல்றது? செவப்பு வாளியத் தூக்கினான்.

அப்பத்தான் அருள்முருகன் கூட்டத்த வெலக்கிக்கிட்டு முன்னால வந்தான். மாமா வேலையப் பாக்க சந்தோஷமாத்தான் வந்தான். வாளியப் பாத்ததும் மொகம் மாறிடுச்சு.

"மாமா..."

"என்ன?" இராமதாஸ் போட்ட போடுல பக்கத்துல நின்னவன் ரெண்டடி தள்ளிப் போனான்.

"ஒண்ணுமில்ல மாமா."

அந்த மொகத்தப் பாத்து இராமதாசுக்கு உச்சி குளுந்து போச்சு. எரியட்டும்! ரெண்டு வருஷம் நான் எரிஞ்சேன், இன்னிக்கு ஒரு நாள் நீ எரி! செவப்பு வாளிய அப்படியே கவுத்தான். எண்ணெய் கெட்டியா, கம்பி மாதிரி எறங்கிச்சு. ஜனங்க கை தட்டினாங்க. உள்ளுக்குள்ள உருண்டுக்கிட்டு இருந்த போல்ட்டு கூட அப்ப சத்தம் போடல.

வண்டி ஷெட்டு வாசல்லயே நின்னுது. மூணு மணிக்கு ஐஸ் ஏத்தப் போயி, நாலு மணிக்கு துறைமுகம். ராஜாங்கம் ராத்திரி பூரா ஓட்டணுமேன்னு கேபின்ல காலை நீட்டிட்டான். இராமதாஸ் சண்முகாபுரத்துல இருக்கற வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

முதல் எண்ணெய்க்குன்னு ரோஷன் பீவி காலையிலயே ரெண்டு பெரிய வஞ்சிரம் அனுப்பி வெச்சிருந்தாங்க. சுமலதா வறுத்து, கொழம்பும் வெச்சிருந்தா. ரொம்ப நாளைக்கு அப்பறம் அவ மொகமும் சிரிச்ச மொகமா இருந்துது.

"தம்பி போன் பண்ணான்"னா.

"பண்ணுவான், பண்ணுவான். வயிறு எரியுதாமா?"

"உன்ன மாதிரியே எல்லாரும் இருப்பாங்களா? நேத்து பீவிக்கா அவன்கிட்ட எண்ணெயப் பத்திக் கேட்டாங்களாம். 'அந்த எஞ்சினுக்கு எது சரின்னு மாமாவுக்குத் தெரியும்க்கா. மூணு நாளா புஸ்தகத்த வெச்சுப் படிச்சுக்கிட்டு இருக்காராம், கவிநிலா சொன்னா. அதோ ஷெட்டு, அவரையே கேளுங்க, அவர் கையாலயே ஊத்தச் சொல்லுங்க'ன்னு கை காட்டி அனுப்பினானாம்."

இராமதாஸ் கையில இருந்த சோறு கையிலயே நின்னுது.

"எந்த எண்ணெய்னு அவன் சொல்லலையா?"

"அவன் எதுக்குச் சொல்றான்? நீ இருக்கறப்ப?"

அப்ப அந்தப் பச்சை வாளி? நேத்து அருள்முருகன் கடை வாசல்ல காலாப்பட்டு காலேஜ் பஸ்ஸு ஒண்ணு எஞ்சின் மூடியத் தொறந்து வெச்சிக்கிட்டு நின்னது இப்பத்தான் இவனுக்கு ஞாபகம் வந்துது. வாளி பஸ்ஸுக்கு. சிரிப்பு கவிநிலா படிச்சுக் காட்டினதுக்கு. கை காட்டினது இவனைப் பத்திப் பெருமையா.

"ஆனா ஒண்ணு கேட்டான்"னா சுமலதா. "'மாமா செவப்பு வாளி ஊத்தறாரே, அவருக்குத் தெரியாம இருக்காது, எதுனா காரணம் இருக்கும், வீட்ல எதுனா சொன்னாரா'ன்னு. என்ன காரணம்?"

இராமதாஸ் மீன்ல இல்லாத முள்ளத் தேட ஆரம்பிச்சான். 

நேர்மையாச் சொல்றேன், அடுத்த பத்து நிமிஷம் இராமதாஸ் கணக்குத்தான் போட்டான். வண்டி போகட்டும். இன்னிக்கே ஒண்ணும் ஆகிடாது. சாம்பல் படிஞ்சு மீட்டர்ல எச்சரிக்கை வெளக்கு எரியறதுக்கு மாசம் ஒண்ணோ ரெண்டோ ஆகும். அப்ப டீசல் மேலப் பழி போடலாம், கேரளா பங்க்ல தண்ணி கலந்துட்டான்னு சொல்லலாம். யாருக்குத் தெரியப் போவுது? ஒருத்தனுக்குத் தெரியும். அந்த ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். செத்தாலும் தொறக்க மாட்டான். தெனம் காலையில ரோட்டத் தாண்டி வந்து, எல்லாம் தெரிஞ்ச கண்ணோட, "மாமா, டீ சொல்லட்டுமா?"ன்னு நிப்பான்.

இந்த எடத்துல, மனசாட்சி உறுத்திச்சு, புருஷன் இல்லாத பொம்பளையோட பொழப்பாச்சேன்னு பதறினான், அதனால எழுந்தான்னு நான் சொன்னா கதை நல்லாத்தான் இருக்கும். ஆனா அது பொய். அருள்முருகன் தன்னை மன்னிச்சு விட்டுட்டுப் போறத நெனச்சாத்தான் இராமதாசால தாங்க முடியல. பேட்டையே கூடித் துப்பட்டும், அந்தப் பயகிட்ட மட்டும் மன்னிப்பு வாங்கிட்டு உசுரோட இருக்கக் கூடாது. பாதி மீன எலையில விட்டுட்டு எழுந்து பைக்க எடுத்தான். "கையையாவது கழுவிட்டுப் போய்யா!"ன்னு சுமலதா கத்தினது தெரு முனை வரைக்கும் கேட்டுது.

போற வழியிலயே ரோஷன் பீவிக்குப் போன் போட்டான். "அக்கா, வண்டி நகரக் கூடாது. ஷெட்டுக்கு வாங்க. ஒடனே."

ஷெட்டுக்கு வந்ததும் நேரா வண்டிக்கு அடியில பூந்து, அடைப்பத் திருகி, காலையில ஊத்தினது அத்தனையும் தட்டுல எறக்கி விட்டான். கேபின்லேர்ந்து ராஜாங்கம் தலைய நீட்டி "என்னாச்சு?"ன்னான். பக்கத்து ஷெட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா எட்டிப் பாக்க ஆரம்பிச்சாங்க. இராமதாஸ் யாரையும் பாக்கல. எண்ணெய் கையோட ரோட்டத் தாண்டினான். அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள ரெண்டு வருஷத்துல அவன் காலடி வெச்சது அன்னிக்குத்தான் மொதல் தடவை.

"ஒரு பச்சை வாளி. பில்டரு ஒண்ணு."

ஏன்னு கேட்டிருக்கலாம். ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாம். அருள்முருகன் ஒண்ணும் கேக்கல. வாளிய எடுத்துத் தன் தோள்ல வெச்சுக்கிட்டான்.

"குடு, நானே தூக்கறேன்."

"இருக்கட்டும் மாமா."

இவங்க ரோட்டத் தாண்டறதும் ஆட்டோ வந்து நிக்கறதும் சரியா இருந்துது. ரோஷன் பீவி எறங்கி, தட்டுல கெடந்த எண்ணெயப் பாத்தாங்க, பச்சை வாளியப் பாத்தாங்க, ரெண்டு மூஞ்சியையும் பாத்தாங்க.

"காலையில ஊத்தினத எதுக்கு எறக்கியிருக்க?"

இராமதாஸ் வாயத் தொறக்கறதுக்குள்ள அருள்முருகன் முந்திக்கிட்டான். "அது ஒண்ணுமில்லக்கா, வாளி மாறிப் போச்சு. என் கடையிலேர்ந்துதான் தப்பா..."

"நீ வாய மூடு!" இராமதாஸ் கத்தினான். ரோட்டுல போன சைக்கிள்காரன் நின்னுட்டான். "வாளியும் மாறல, வாழைப்பழமும் மாறல. அக்கா, இந்த வண்டிக்குப் பச்சை வாளிதான்னு எனக்குத் தெரியும். மூணு நாளு படிச்சு வெச்சிருந்தேன். நேத்து நீங்க இவன்கிட்ட பேசினதப் பாத்தேன். இவன் அதையே சொல்லிட்டான்னு நெனச்சு, இவன் சொன்னத நான் சொல்லக் கூடாதுன்னு, வேணும்னே மாத்திச் சொன்னேன். தெரியாம இல்ல. தெரிஞ்சு."

  அந்தம்மா ரொம்பச் சாதாரணமாக் கேட்டாங்க, "வண்டி நடுவழியில நின்னிருந்தா?"

"நின்னிருக்கும்க்கா. இன்னிக்கு இல்ல. ஆனா நின்னிருக்கும்."

"பாய் மவுத்தான அன்னிக்கு, மூணு வண்டியும் என்கிட்ட இருக்கு, நீங்க பயப்படாதீங்கக்கான்னு சொன்னவன் நீ."

இராமதாஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டான். திட்டியிருந்தா பரவாயில்ல போல இருந்துது.

சரி, இத்தோட போச்சுன்னு பாத்தா, அந்தம்மா அடுத்த பக்கம் திரும்பினாங்க. "அருளு, காலையில இவன் ஊத்தறப்ப நீ இங்கதானே நின்ன?"

"ஆமாக்கா."

"தப்புன்னு தெரியுமா, தெரியாதா?"

அருள்முருகன் தோள்ல இருந்த வாளியக் கீழ எறக்கி வெச்சான். "தெரியும்க்கா."

"அப்ப ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் முன்னால மாமாவ எப்படிக்கா... அவரு என்ன விடப் பெரியவரு. எதுனா காரணம் இருக்கும்னு..."

"அடப் பாவிங்களா." ரோஷன் பீவி தலையில கைய வெச்சுக்கிட்டாங்க. "இவன் பொறாமையில ஊத்தினான். நீ மரியாதையில பாத்துக்கிட்டு நின்ன. மாமன் மச்சான் உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என் வண்டி எதுக்குடா சாகணும்?"

அந்தம்மா கேபின் பக்கம் திரும்பினாங்க.

"ராஜாங்கம், எறங்கி வா. மொதல்லயே எண்ணெய் வேறன்னு சொன்னவன் நீதான். நீயே ஊத்து." அப்பறம் இவங்க பக்கம் திரும்பாமலே சொன்னாங்க: "இனிமே நாலு வண்டியும் கம்பெனி சர்வீசுக்குப் போவட்டும். ரெண்டு நாள் வரிசையில நிக்க வெப்பாங்க. நிக்கட்டும். அங்க எவனுக்கும் எவனும் சொந்தக்காரன் இல்ல."

ராஜாங்கம் அடைப்பத் திருகி மூடி, பில்டர மாத்தி, பழக்கமில்லாத கையால பச்சை வாளிய ஊத்தினான். கொஞ்சம் வெளியில வழிஞ்சுது. இராமதாசுக்குக் கை பரபரத்துது, ஆனா கிட்டப் போகல. இருநூத்தம்பது குதிரையும் ஒரே ஒறுமலா ஒறுமிச்சு. ஆறு சிலிண்டரும் ஒரே சீரா, ஒரு பிசிறு இல்லாம பாடிச்சு. அந்தச் சத்தத்த அந்தப் பேட்டையில அவன் அளவுக்குக் கேக்கத் தெரிஞ்ச காது வேற கெடையாது. வண்டி முனை திரும்பிப் போயிடுச்சு.

கூட்டமும் கலைஞ்சுது. மிச்சம் நின்னது இவங்க ரெண்டு பேருதான். இராமதாஸ் ஓரக்கண்ணால பாத்தான். அருள்முருகன் மொகம் செத்துப் போயிருந்துது. ரெண்டு வருஷத்துல அந்த மொகத்த இப்படிப் பாத்ததே இல்ல. எனக்குப் போச்சு, சரி, அவனுக்கும்தானே போச்சுன்னு இராமதாசுக்கு அடி நாக்குல துளி இனிப்பு ஊறிச்சு. த்தூ, என்ன ஜென்மமோன்னு அவனே தன்னைத் திட்டிக்கிட்டான். ஆனாலும் ஊறிச்சு.

அது ஒரு நிமிஷம் கூட நெலைக்கல. அருள்முருகன் கிட்ட வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "எல்லாம் என் தப்புதான் மாமா. காலையில நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த அவமானம் வந்திருக்குமா? பீவிக்காகிட்ட நான் போயி, தப்பு என் மேலதான்னு..."

"டேய்!" இராமதாஸ் அவன் சட்டையக் கொத்தாப் புடிச்சான். எண்ணெய்க் கை, வெள்ளைச் சட்டை. புடிச்சவனுக்கு அடிக்கவும் வரல, விடவும் வரல. குரல் மட்டும் ஒடைஞ்சு வந்துது. "நல்ல கடை உனக்கு. நல்ல பேரு உனக்கு. என் பொண்டாட்டி, புள்ள வாயில வர்ற நல்ல வார்த்தையெல்லாம் உனக்கு. இந்தத் தப்ப ஒண்ணையாவது முழுசா எனக்கு விட்டுட்டுப் போடா."